ஏலக்காட்டு ஜீப்பும் பிரஷர் மாத்திரையும்

குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடியுமுன்பே ஜீப் ஏறி ஏலக்காட்டு வேலைக்கு வருகிற நம்மூர்க்காரர்கள்தான் எங்களிடம் அதிகம்.

பிரஷர் 170/100 என்று சொன்னால், "தலையே வலிக்கலையே சிஸ்டர்?" என்பார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டையில்தான் கொழுப்பு அதிகம் படியும். வருஷக்கணக்கில் படிந்தாலும் வலிக்காது. பிரஷர், பீடி, சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும். வயதும் குடும்ப வாகும் வேறு சேர்ந்துகொள்ளும்.

கங்காணி அண்ணன் ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், கண்ணாடி மாற்றலாமா என்று கேட்க வந்தார். இடது கண்ணில் கறுப்பாகத் திரை இறங்கியதாம், ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதாம். கண்ணுக்கு ரத்தம் போவதும் அந்தக் கரோட்டிட் குழாய் வழியாகத்தான், அதனால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தார். இடப்பக்கம் உஸ்ஸென்று சத்தம். சத்தம் இல்லாமலும் அடைப்பு இருக்கலாம், இவருக்குக் கேட்டது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு. அறிகுறி காட்டிய பிறகு இந்த அளவு இருந்தால், குழாயை அறுத்துச் சுத்தம் செய்வது பக்கவாதத்தைக் குறைக்கும் என்பது 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்விலேயே தெளிவாகிவிட்டது. அதுவும் இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் கூடுதல். திருவனந்தபுரம் போனார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"ஆட்டுக்கறி தின்னதாலயா சிஸ்டர்?" என்று அவர் மனைவி கேட்டார். எல்லோருக்கும் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம். சட்டைப் பையில் இருக்கிற பீடிக்கட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

எனக்கு அதைவிட எரிச்சல், பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. "நார்மல்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அந்த அண்ணன். மாத்திரை போட்டதால்தானே நார்மல்! சரி, அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் ஓபி திறப்பது ஒன்பது மணிக்கு. அந்நேரம் அவர்கள் காட்டுக்குள் இருப்பார்கள். மாத்திரை வாங்க வந்தால் அன்றைய கூலி போச்சு.

சாயங்காலம் ஜீப் திரும்புகிற நேரத்துக்கு ஓபி வைக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அரை மணி நேரம் போதும். செக்போஸ்ட் பக்கம் டீக்கு எப்படியும் வண்டியை நிறுத்தத்தான் செய்கிறார்கள்.