அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாத்துனோம், உள்ள வைக்கிற பாகத்தோட பெட்டில வர்ற ஸ்டிக்கரை மட்டும் கேட்டு வாங்கிடுங்க

திருவையாறு பக்கம் எங்க ஊரு. அப்பாவுக்கு 58 வயசு, ரெண்டு வருஷமா எடது தொடை இடுக்குல வலி, நாத்தங்கால்ல எறங்கி ஏறுனாலே வரப்புல உக்காந்துருவாரு. வாயுப்பிடிப்புன்னு தைலம் தேச்சே நாள ஓட்டிட்டோம், கடைசில தஞ்சாவூர்ல எம்ஆர்ஐ எடுத்தப்பதான் தொடை எலும்போட பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு அது உள்ளயே நசுங்கிருச்சுன்னு தெரிஞ்சுது. மாத்துறத தவிர வழியில்ல.

மெட்டல் பந்தா செராமிக் பந்தான்னு ஒரு சீட்டுல ரெண்டு ரேட் எழுதி நீட்டுனாங்க. பீங்கான்னா ஒடைஞ்சிடாதான்னு அம்மா கேட்டுச்சு. டாக்டர் மேஜை டிராயர்லேருந்து ஒரு சாம்பிள் எடுத்து அப்பா உள்ளங்கைல வச்சாரு. வெளிர் ரோஸ் கலரு, எலுமிச்சம்பழ சைசு, விரல் நிக்காம வழுக்குது. அலுமினாவோட ஜிர்கோனியா சேத்து சுட்டதாம், வெடிப்பு விட ஆரம்பிச்சாலும் பரவ விடாம ஜிர்கோனியா புடிச்சுக்கும், ஒடையிறது ரொம்ப அபூர்வம்னாரு.

அந்தப் பந்து சுத்துற கிண்ணம் பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்கான்னு எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. இங்கிலாந்துல ஜான் சார்ன்லிங்கிற டாக்டர் மொதல்ல டெஃப்லான் கிண்ணம் வச்சு, அது சில வருஷத்துலயே தேஞ்சு போயி நோயாளிங்களுக்கு மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டியதாப் போச்சாம், 1962லதான் பாலிஎத்திலீனுக்கு மாறுனாரு. தேயிற துகள உடம்பு அன்னியப் பொருளா நெனச்சு எதுக்கப் போயி பக்கத்து எலும்பையே அரிச்சிரும், அதான் பிரச்சனையே. இப்ப கதிர்வீச்சு குடுத்து இழைகள ஒன்னோட ஒன்னு பின்ன வச்ச பாலிஎத்திலீன் வருது, செராமிக் பந்து வழவழப்பா இருக்கறதால அதக் கம்மியாதான் தேய்க்கும். அப்பா வயசுக்கு இன்னும் ரொம்ப வருஷம் நடக்கணும், செராமிக்கே போடுங்கன்னுட்டோம். எலும்புக்குள்ள போற டைட்டானியம் தண்டு மேல ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு, எலும்புல இருக்க தாதுவுக்கு நெருக்கமானது, அதனால எலும்பு அதோட ஒட்டி வளந்துரும். பக்கத்து பெட் பாட்டிக்கு எலும்பு மெலிஞ்சிருந்ததால சிமெண்ட் வச்சு ஒட்டுனாங்க, பேருதான் சிமெண்ட், அதுவும் அக்ரிலிக் பாலிமர்தான்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வச்சுட்டாங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்குதான் எனக்கு மனசே ஆறல. டிஸ்சார்ஜ் சம்மரியில மூட்டு மாத்துனதா மட்டும் ஒரு வரி, என்ன சைசு என்ன பேட்ச் ஒன்னும் இல்ல. ஒவ்வொரு பாகத்தோட பெட்டிலயும் ஸ்டிக்கர் வருமே எங்கன்னு கேட்டா கேஸ் ஷீட்ல இருக்கு உங்களுக்கு எதுக்குன்னாங்க. உள்ள வச்சது எங்க அப்பா உடம்புல, எங்களுக்கு எதுக்குன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு கிண்ணம் தேஞ்சு அத மட்டும் மாத்தணும்னா பந்து சைசு, தண்டு மாடல் தெரிஞ்சாதான் பொருந்துற பாகம் வாங்க முடியும். அரை நாள் நின்னு ஜெராக்ஸ் வாங்குனேன், பந்து 36 மி.மீ, லாட் நம்பர், எல்லாம் அதுல இருக்கு.

வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியாச்சு, சம்மணம் போட்டு சாப்புடுறதுதான் இல்ல, அதுக்கு அப்பா ரொம்ப வருத்தப்படுறாரு. குறுவைக்கு ஆத்துல தண்ணி வந்தன்னிக்கு குச்சி ஊனாம மதகு வரைக்கும் நடந்து போயி பாத்துட்டு வந்தாரு. ஜெராக்ஸ், பட்டா சிட்டா இருக்க தகரப் பொட்டியிலயே பத்திரமா இருக்கு.