லிப்ரவுல்ஃபில் மணி ஏன் தப்பாகத் தெரிகிறது?

வேலூரில் எந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது கூகுள் வளர்க்கும் பிளிங்க் எஞ்சின்தான், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் நிரல். பெயர்ப்பலகை வேறு, அடுப்பு ஒன்று.

வேறு அடுப்பு வேண்டுமென்றால், இன்றைக்கு லிப்ரவுல்ஃப் என்ற பிரவுசர் நல்ல தேர்வு. ஃபயர்பாக்ஸ் நிரலில் டெலிமெட்ரியை (பயன்பாட்டு விவரங்களை அனுப்பும் பகுதியை) எடுத்துவிட்டு, விளம்பரத் தடுப்பான யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். காரணம், கைரேகைத் தடுப்பு. இது விரல் ரேகை அல்ல; உங்கள் கணினியின் தனி அடையாளங்களைத் தளங்கள் சேகரிப்பதைத் தடுப்பது.

உங்களைத் தனியாக அடையாளம் காண முடியாதபடி அது நேர மண்டலத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று சொல்லிவிடும். பிரவுசரிடம் மணி கேட்டு எழுதும் பக்கங்களில் காலை 10 மணி அப்பாயின்ட்மென்ட் 4.30 என்று தெரியும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போட்டோவையும் கையெழுத்தையும் பக்கத்திலேயே வெட்டிச் சுருக்கினால், படம் வெறும் புள்ளியும் கோடுமாக ஏறலாம். பக்கம் படம் வரையப் பயன்படுத்தும் கேன்வாஸின் தரவைக் கலைத்துக் கொடுப்பதால் வரும் கோளாறு இது. முகவரிப் பட்டையின் இடப்பக்கம் வரும் படக்குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மொத்தத் தடுப்பையும் அணைக்காதீர்கள். தொல்லை தாங்கவில்லை என்றால் விண்ணப்பங்களுக்கென்று தனி புரொஃபைல் வைத்து, அதில் மட்டும் தடுப்பைத் தளர்த்துங்கள்.

ஜன்னலை மூடியதும் குக்கீ அழியும், மறுபடி ஓடிபி கேட்கும். பொதுக் கணினியில் அதுதான் பாதுகாப்பு. விண்டோஸில் தானாக அப்டேட் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட்டர் தனியாக வேண்டியிருக்கும். பழைய பதிப்பில் பேங்க் கணக்கைத் திறப்பது ஆபத்து.

ஆனாலும் லிப்ரவுல்ஃப் நிற்பது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் தோளில். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அதனால்தான் லேடிபேர்ட் என்ற புதிய பிரவுசர் முக்கியம். ஆண்ட்ரியாஸ் கிளிங் தொடங்கிய இதற்கு, 2024 ஜூலையில் லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. எஞ்சினையே புதிதாக எழுதுகிறார்கள். தேடல் நிறுவன ஒப்பந்தமே கிடையாது, நன்கொடை மட்டும்தான். லினக்ஸ், மேக்ஓஎஸ் ஆல்ஃபாவுக்கு (ஆரம்பச் சோதனைப் பதிப்புக்கு) அவர்கள் குறித்த இலக்கு 2026.

காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் லேடிபேர்டை மூல நிரலிலிருந்து பில்ட் செய்து பார்க்கலாம். 8 ஜிபி ராம் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை இரண்டாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டு நிரல்கள் ஒன்றாக லிங்க் ஆகும்போது நினைவகம் தீர்ந்து நின்றுவிடும். ஓடியதும் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறங்கள். 'கொ'வை மவுஸால் இழுத்தால் முழு எழுத்தாகத் தேர்வாகிறதா, பேக்ஸ்பேஸில் எது அழிகிறது, வரி எங்கே மடிகிறது என்று பாருங்கள். தப்பு தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் பதியுங்கள்.