கேட்டது ஒன்று, சொன்னது வேறு

பேரி பாண்ட்ஸ் வழக்கை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 762 ஹோம் ரன் அடித்த பேஸ்பால்காரர். ஸ்டீராய்டு போட்டதற்காக அல்ல, 2003-ல் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன் பொய் சொன்னார் என்றுதான் 2011-ல் சான் பிரான்சிஸ்கோவில் விசாரணை. பயிற்சியாளர் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தாராம்!

ஊசி போட்டுக்கொள்ள பயிற்சியாளர் ஏதாவது கொடுத்தாரா என்று கேட்டால், பிரபல ஆட்டக்காரரின் பிள்ளையாக வளர்ந்த கதையை எடுத்துவிட்டிருக்கிறார். பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரிகளுக்குள் ஒத்துவரவில்லை. இந்தச் சுற்றிவளைத்த பதில்தான் மாட்டிவிட்டது: நீதிக்கு இடையூறு, 30 நாள் வீட்டுக்காவல். சரி, 2015-ல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து.

பயிற்சியாளர்தான் பாவம். சாட்சி சொல்ல மாட்டேன் என்று சிறையில் போய் உட்கார்ந்தார். நானாக இருந்தால் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.