மூன்றாவது பச்சை விளக்கு எரியவில்லை

சக்கரங்களை உள்ளே மடக்கும் சிறிய விமானமான பைப்பர் ஆரோவில் பயிற்சி. இறங்குவதற்கு முன், ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் (டவுன்விண்டில்) போய்க்கொண்டிருந்தபோது சக்கரங்களை இறக்கும் கியர் லீவரைக் கீழே தள்ளினேன். ஹைட்ராலிக் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது, வேகம் குறைந்தது, மூக்குச் சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும், இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. இடதுக்கு மட்டும் எரியவில்லை, கியர் எச்சரிக்கை விளக்கும் அணையவே இல்லை.

எனக்கு உடனே லீவரை மேலே போட்டு மறுபடி இறக்கிப் பார்க்கத் தோன்றியது, கையும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் தடுத்து, "அதைத் தொடாதே, நீ ஓட்டு, மற்றதை நான் பார்க்கிறேன்" என்றார். இரண்டு சக்கரம் பூட்டி நிற்கும்போது திரும்ப மேலே இழுத்தால் அந்த இரண்டும் வராமல் போகலாம் என்று பிறகு விளக்கினார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அவர் முதலில் வேலையைப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. 1972 டிசம்பரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், எரியாத ஒரு மூக்குச் சக்கர விளக்கையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததில், ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைப்பது விலகி விமானம் மெல்ல இறங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேர் போல இறந்தார்கள்.

கட்டுப்பாட்டு டவரிடம் சொல்லிவிட்டு, ரன்வேயைச் சுற்றிவரும் பாதையான சர்க்யூட்டை விட்டு விலகி 3000 அடிக்கு ஏறினோம். எரிபொருள் இரண்டு மணி நேரத்துக்கு இருந்ததால் அவசரமில்லை. அப்புறம் செக்லிஸ்ட். மாஸ்டர் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர்கள் எல்லாம் சரி. பேனல் விளக்கு போட்டிருந்தால் இந்த ரகத்தில் பச்சை விளக்குகள் மங்கிவிடும், பகலில் எரிவதே தெரியாது. அது அணைந்துதான் இருந்தது. எரிந்துகொண்டிருந்த மூக்குச் சக்கர பல்பைக் கழற்றி இடது பக்கம் மாட்டினார், அங்கே எரியவில்லை. அப்படியானால் பல்பு பழுதில்லை. அந்த நொடியில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓடுதளத்தின் மேல் தாழ்வாக ஒருமுறை பறந்தோம். மூன்று சக்கரமும் கீழே தொங்குகிறது என்றார்கள் டவரில். ஆனால் தொங்குவது வேறு, பூட்டிக்கொள்வது வேறு, அதைத் தரையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மறுபடி மேலே ஏறி, வேகத்தை 87 நாட் (knots) அளவுக்குக் கீழே கொண்டுவந்து, பயிற்சியாளர் அவசரகால லீவரை அழுத்திப் பிடித்தார். அது ஹைட்ராலிக் அழுத்தத்தை விட்டுவிடும், சக்கரம் தன் எடையில் விழ வேண்டும். ஒன்றும் மாறவில்லை. கடைசியாக என்னை, வாலைத் திருப்பும் ரடர் மிதிகளை இடமும் வலமுமாகச் சட்டென்று மிதிக்கச் சொன்னார். வால் ஆடியது. மூன்றாவது தடவை மிதித்தபோது இடது பச்சை எரிந்தது, எச்சரிக்கை விளக்கும் அணைந்தது.

அப்படியும் அவர் அதை முழுதாக நம்பவில்லை. தீயணைப்பு வண்டியை நிற்கச் சொல்லி, இருவரும் பெல்ட்டை இறுக்கி, கதவைத் தாழ் நீக்கி வைத்து இறங்கினோம். அவர்தான் இறக்கினார். வலது சக்கரத்தை முதலில் தொடவைத்து, இடதை முடிந்தவரை தூக்கிப் பிடித்திருந்தார். தாங்கியது. தரையில் ஓட்டிக்கொண்டு போகாமல் ரன்வேயிலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்தோம்.

ஜாக் போட்டுத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், பூட்டும் கொக்கியில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருந்ததைக் காட்டினார். விரலால் தள்ளினால் கூட அது மெதுவாகத்தான் நகர்ந்தது.