பவளத்தின் கோழையைத் தேடி ஹெரன் தீவுக்கு

ஹெரன் தீவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆமைகளையும் திருக்கைகளையும் பார்க்க வருகிறார்கள். நான் போனது பவளம் தன் மேல் சுரக்கும் பிசுபிசுப்பான கோழையைப் பார்க்க.

கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து படகில் இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேல். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃபின் தென்பகுதியில், பவள மணல் குவிந்து உண்டான சின்னத் தீவு. படகு கரையை நெருங்கும்போதே அடியில் கிடந்த சிப்பிகள் தெரிந்தன. அந்தத் தெளிவுதான் பல வருடங்களாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. நீர் இப்படித் தெளிந்திருந்தால் அதில் மிதவை உயிர்கள் குறைவு. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. சத்தே இல்லாத கடலுக்கு நடுவே இத்தனை மீன்களுக்கு இரை எங்கிருந்து வருகிறது? 1836இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவுகளின் பவளத்திட்டுகளைப் பார்த்தவர் டார்வின். அவர் பெயரால் இதை ‘டார்வினின் புதிர்’ என்கிறார்கள்.

மறுநாள் காலை கடல் வற்றியிருந்தது. முழங்காலுக்கும் கீழே நீர். பவளத்தில் கால் படாமல், மணல் தெரியும் இடமாகப் பார்த்து நடந்தோம். வெளியே தலைநீட்டியிருந்த மான்கொம்புப் பவளங்களின் மேல் பளபளவென்று ஏதோ வழிந்தது. கோழை! வெயிலில் காய்ந்துவிடாமல் இருக்கப் பவளம் சுரப்பது. இதே தீவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வின்படி, திட்டின் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 4.8 லிட்டர் வரை சுரக்கிறது. பாதிக்கு மேல் நீரில் கரைந்து நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. மிச்சம் நூலாகவும் நுரையாகவும் மிதந்து, எதிர்ப்படும் துகள்களையெல்லாம் ஒட்டிக்கொண்டு, கனத்துப்போய் மணலில் இறங்குகிறது. மணலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துச் சத்தைத் திரும்ப நீரில் விடுகின்றன. அலை வாரிக்கொண்டு போகவேண்டியதைப் பவளம் வலைபோட்டுப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குனிந்து அந்த நூலொன்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

அந்தக் கோழைக்கான மூலதனம் வெயில்தான். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளம் கழிக்கும் அம்மோனியம் பாசிக்கு உரமாகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்தக் கூட்டு முறிந்து பவளம் வெளுக்கிறது. 2024இல் இந்தத் தென்பகுதித் திட்டுகளும் கடுமையாக வெளுத்தன. அதை நினைத்தபோது, கண்முன்னால் இருந்த பவளத்தில் பாசிகள் தந்த பழுப்பு நிறம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிற்பகலில் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு திட்டின் விளிம்புக்குப் போனேன். முதலில் காதில் விழுந்தது கறுக், கறுக் என்ற சத்தம். கிளிமீன்கள் பாறையைக் கொறித்துப் பாசி தின்றன. தின்ற சுண்ணாம்பை மணலாகத் தூவியபடி நகர்ந்தன. கிளைப் பவளங்களுக்கு மேலே சின்னஞ்சிறு டாம்செல் மீன்கள் நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களைக் கொத்திக்கொண்டிருந்தன. நிழல் பட்டால் சட்டென்று கிளைகளுக்குள். இரவிலும் அங்கேதான் தங்கல். அவை கழிப்பது பவளத்துக்கு நேரடி உரம். வாடகையை வீட்டிலேயே கொடுத்துவிடுகிற குடித்தனம்!

இருட்டியதும் பறவைகளின் ஓலம். திறந்த கடலில் மீன் பிடித்துத் தின்ற பறவைகள் பிசோனியா மரங்களிலும் மண் வளைகளிலும் வந்து அடைந்தன. கடலில் எடுத்ததை எச்சமாகத் தீவில் இறக்குகின்றன. அந்தச் சத்து மழையில் கசிந்து திட்டுக்கு வருகிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது: எலிகள் புகுந்து பறவைகளை அழித்த தீவுகளைவிட, எலியில்லாத தீவுகளின் திட்டுகளில் மீன்களின் மொத்த எடை ஏறத்தாழ பாதி அளவு கூடுதல். எலி மரமேறினால் கடலுக்குள் மீன் குறைகிறது!

கிளம்பும் நாள் காலையில் மறுபடி கடல் வற்றியது. மணலில் ஒரு கடல் அட்டை மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. கோழையும் பாக்டீரியாவும் கலந்த மணலை முன்னால் விழுங்கிக்கொண்டே போக, பின்னால் வெளுத்த மணல் கயிறு போல நீண்டது. ஏறி வந்த நீர் அந்தக் கயிற்றைத் தொட்டு, மணி மணியாகக் கலைத்தது.