அரை மணி நேரம் கிடைத்தும்

1986 ஜனவரி 27 இரவு நடந்த அந்தத் தொலைபேசிக் கூட்டத்தை எடுத்துக்காட்டாத மேலாண்மைப் பயிற்சி அநேகமாக இருக்காது. நாசாவின் சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் காலை ஏவலாமா என்பதுதான் பேச்சு. பூஸ்டர் ராக்கெட்டைச் செய்து கொடுத்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், பூஸ்டரின் மூட்டுகளை அடைத்து வைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (சுமார் 12 டிகிரி செல்சியஸ்) ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று தியோகால்காரர்கள் கூட்டத்திலிருந்து விலகினார்கள். ஐந்து நிமிடம் கிட்டத்தட்ட அரை மணி நேரமானது. திரும்பி வந்து, ஏவலாம் என்றார்கள். மறுநாள் கலம் கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

வாடிக்கையாளரின் அழுத்தத்துக்குப் பணியாதே என்ற பாடத்தோடு பயிற்சிகள் இதை முடித்துவிடும். அது சரிதான். ஆனால் எனக்கு உறுத்துவது அந்த அரை மணி நேரம். பொறுப்பில் இருக்கும் யாரைக் கேட்டாலும் வரும் முதல் புலம்பல், 'உட்கார்ந்து யோசிக்க நேரமே இல்லை' என்பது. இவர்களுக்கு நேரம் கிடைத்தது. கேட்டதைப் போல் ஆறு மடங்கு கிடைத்தது. மறுமுனையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள், குறுக்கே யாரும் பேசவில்லை. சாதாரண வேலை நாளில் எந்தத் தலைவருக்கும் இப்படி ஓர் இடைவெளி வாய்ப்பதில்லை. அதற்குள் போன சரியான முடிவு, தவறாகி வெளியே வந்தது.

உள்ளே நடந்தது பின்னர் விசாரணைச் சாட்சியங்களில் பதிவாகியிருக்கிறது. இரண்டு பொறியாளர்கள் எழுந்து, ஒருவர் படம் வரைந்தும் இன்னொருவர் முந்தைய ஏவுதலில் கறுத்துப்போன மூட்டுகளின் புகைப்படங்களைக் காட்டியும், சொன்னதையே மறுபடி விளக்கினார்கள். யாரும் காதில் வாங்கவில்லை என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லுண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சற்று முன்புதான் ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தவர் அந்த லுண்ட். முடிவை நான்கு மேலாளர்கள் எடுத்தார்கள். பொறியாளர்களிடம் கருத்துக் கேட்கவில்லை.

மேசனை வில்லனாக்குவது சுலபம். ஆனால் தரவு இழுபறியாக இருக்கும்போது யாராவது ஒருவர் முடிவு சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்குத்தானே மேலாளர்? 'இது மேனேஜ்மென்ட் டெசிஷன்' என்ற வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லாத அலுவலகம் உண்டா? அந்த அறையில் எனக்குத் தவறாகப் படுவது தொப்பி இல்லை. கேள்வி சத்தமில்லாமல் மாறிப்போனதுதான். ஏவுவது பாதுகாப்பானதா என்று தொடங்கியது, ஏவினால் ஆபத்து என்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்று ஆகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு, கையில் இருந்த தரவை வைத்து யாராலும் ஆமாம் என்று சொல்ல முடியாது. கேள்வி எங்கும் எழுதப்படாததால் அது மாறியதும் யார் கண்ணிலும் படவில்லை.

அதனால்தான், யோசிக்க நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை கேள்வியை எழுதுவது. அதுவும் முந்தைய நாளே. 'விற்பனையாளர் ஒப்பந்தம் பற்றி யோசிக்க வேண்டும்' என்று எழுதினால் அது தலைப்பு. 'இதே நிறுவனத்துடன் இன்னும் இரண்டு ஆண்டு போவதா, ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்து வேறு இரண்டு பேரிடம் விலை கேட்பதா. 15ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்' என்று எழுதினால் அது கேள்வி. தலைப்போடு உட்கார்ந்தால் இருபதாவது நிமிடத்தில் கை மின்னஞ்சலுக்குப் போய்விடும். காலண்டரில் 'சிந்தனை நேரம்' என்று கட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நேரம் கிடைக்கிறது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அளவு என்று பார்த்தால், வாரத்தில் இரண்டு முறை, முற்பகலில், ஒவ்வொன்றும் 90 நிமிடம் தாங்கும். தினமும் அரை மணி என்பது கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. முந்தைய கூட்டத்தின் மிச்சம் மனதிலிருந்து இறங்கவே முதல் 15 நிமிடம் போய்விடும். கட்டத்துக்கு முன்னால் இருக்கும் கூட்டத்தை 50 நிமிடத்தில் முடிப்பது இதனால்தான். மேலதிகாரியின் கூட்டம் வந்து விழுந்தால் கட்டத்தை அழிக்கக் கூடாது, அதே வாரத்தில் வேறு நாளுக்கு நகர்த்த வேண்டும். ஒரு முறை அழித்தால், அது அழிக்கக்கூடிய கட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், முக்கியமாக உங்களுக்கு.

எல்லா முடிவுக்கும் இது தேவையில்லை. அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், திரும்பி வரக்கூடிய கதவு, வர முடியாத கதவு என்று முடிவுகளைப் பிரித்திருந்தார். முதல் வகையைக் குழுவிடம் விட்டுவிட்டு, செய்தபின் சொன்னால் போதும் என்று எழுத்தில் கொடுத்துவிடலாம். மேசைக்கு வரும் கேள்விகளில் பெரும்பகுதி இப்படியே கழிந்துவிடும். மீதி இருக்கும் சிலவற்றுக்குத்தான் அந்த 90 நிமிடம்.

அடுத்தது, கையில் இல்லாத தரவு. அன்று இரவு எல்லோரும் பார்த்தது ஓ-ரிங்கில் சேதம் ஏற்பட்ட முந்தைய ஏவுதல்களை மட்டும். அவை குளிரிலும் இருந்தன, வெயிலிலும் இருந்தன, எனவே வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத ஏவுதல்களையும் சேர்த்து, விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் குழு பின்னர் பார்த்தது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவுதல்களில் மூன்றில்தான் பாதிப்பு. 63இலும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் பாதிப்பு. அரை மணியில் ஒரு தாளில் போட்டுவிடக்கூடிய புள்ளிகள் இவை. அலுவலகங்களிலும் இதே ஓட்டை உண்டு. போன வாடிக்கையாளர்கள் ஏன் போனார்கள் என்று பட்டியல் போடுகிறோம். அதே காரணங்கள் இருந்தும் போகாதவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. முடிவுக் குறிப்பில் 'எதை எண்ணாமல் விட்டோம்' என்று ஒரு வரி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இப்படி எழுதும்போதே ஒரு சங்கடம். நடந்து முடிந்தபின் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். விளைவு தெரிந்துவிட்டால், அது முன்பே தெரிந்திருக்கக் கூடியதுதான் என்று மனம் நம்பத் தொடங்குவதை உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனையில் காட்டினார். அன்று குளிர் குறைந்து, கலம் பத்திரமாகத் திரும்பியிருந்தால், மேசனின் பேச்சு துணிவான தலைமைக்கு எடுத்துக்காட்டாக அதே பயிற்சிகளில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நானும் கைதட்டியிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் முடிவெடுத்த அன்றே அரைப் பக்கம் எழுதி வைக்கச் சொல்வது: என்ன முடிவு, ஒதுக்கிய மாற்று எது, எது நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், எத்தனை சதவீதம் நிச்சயம், எது தெரிந்தால் முடிவை மாற்றுவோம், யார் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது அதிகம் பயன்படுவது அதுதான். ஒத்துக்கொள்ளாதவரின் பெயரோடு, அவர் சொன்ன காரணத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். சுருக்கும்போது காரணம் பலவீனமாகிவிடும்.

யார் முதலில் பேசுவது என்பதும் உண்டு. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய முறையில், திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகப் படிப்பார்கள். தலைவர் கடைசியில் படிப்பது நல்லது. முதலில் படித்தால் மற்றவர்களின் தாளில் இருப்பது வாய்க்கு வராது. அன்று லுண்டும் மற்றவர்களும் எழுதியிருந்தால் மாறியிருக்குமா? சொல்ல முடியாது. மேலதிகாரி என்ன கேட்க விரும்புகிறார் என்று தெரிந்த அறையில், காகிதமும் அதையே சொல்லக்கூடும்.

இவ்வளவும் செய்கிற தலைவரிடம் இன்னொரு சிக்கல் முளைக்கிறது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் கதவை மூடி யோசிக்கும் 90 நிமிடமும் வெளியே யாரோ ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய வேலை நிற்கிறது. 'வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சொல்கிறேன்' என்று நேரம் குறித்துச் சொன்னால் வலி குறையும், போகாது. யோசிக்கிறார் என்பதற்கும் தட்டிக்கழிக்கிறார் என்பதற்கும் வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வியாழக்கிழமை இரண்டு முறை தள்ளிப்போனால், மூன்றாவது முறை அவர் கேட்கவே மாட்டார், தானே முடிவெடுத்துவிடுவார். அது சில சமயம் நல்ல முடிவாகவும் இருந்துவிடுகிறது.