சாட்சிக்குக் காவல்: ஈரோடு நாட்குறிப்பு

மே 13, 2025, செவ்வாய்

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் இன்று தீர்ப்பு வந்துவிட்டது. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஒன்பது பேரும் குற்றவாளிகள் என்று கோவை மகளிர் நீதிமன்ற நீதிபதி நந்தினிதேவி அறிவித்து, சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்திருக்கிறார். பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவாகியிருக்கிறது. மதியம் வழக்கறிஞர்கள் அறையில் பேச்செல்லாம் தண்டனையின் அளவைப் பற்றியே இருந்தது. என் மனத்தில் நின்றதோ, அரசு வழக்கறிஞர் நிருபர்களிடம் சொன்ன வேறொரு செய்தி: விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடத் தன் சொல்லை மாற்றிப் பிறழவில்லை.

குற்றவியல் நீதிமன்றங்களில் நாள்தோறும் நிற்பவர்களுக்குத்தான் இது எத்தனை அரிது என்று தெரியும். அதுவும் 2019-இல் இந்த வழக்கு தொடங்கிய விதத்தை நினைத்துப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. முதலில் புகார் கொடுத்த மாணவியின் பெயர், வழக்கை சி.பி.ஐ.-க்கு மாற்றிய அரசாணையிலேயே அச்சாகிவிட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்ற முடியாத இடத்தில், மற்றவர்கள் எந்தத் தைரியத்தில் முன்வருவார்கள்? ஆனாலும் வந்தார்கள். மூடிய அறையில் விசாரணை நடந்ததும், அவர்களுடைய பெயரும் முகமும் வெளியே வராமல் பிறகாவது காக்கப்பட்டதும், கைப்பேசிகளிலிருந்து மீட்கப்பட்ட மின்னணுச் சான்றுகள் அவர்களுடைய சொல்லுக்குத் துணை நின்றதும் சேர்ந்துதான் இன்றைய தீர்ப்பைக் கொண்டுவந்தன என்று நான் நம்புகிறேன்.

மே 15, வியாழன்

என் கையிலுள்ள வழக்கைப் பற்றி, யாரையும் அடையாளம் காட்டாத அளவுக்கு மட்டும் எழுதிவைக்கிறேன். தோட்டத்துக்குப் போகும் வழித்தடத் தகராறு முற்றி, ஒருவரை மண்வெட்டியால் தலையில் வெட்டிவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக, காயம்பட்டவர் தரப்பில் நான் இருக்கிறேன். வெட்டு விழுந்ததை நேரில் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த ஆத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது.

சென்ற வாய்தாவுக்கு அவர் வந்திருந்தார். சாட்சிகளுக்கென்று தனி அறை இல்லாததால், வராந்தாவிலுள்ள ஒரே சிமெண்டுத் திண்ணையில் எதிரியின் சொந்தபந்தங்களோடு சேர்ந்தே அவரும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. நான் உள்ளேயிருந்து வெளியே வந்தபோது, எதிரியின் மச்சான் அவர் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "குடிங்காத்தா, ஆறிப்போயிரும். உங்க பேரனுக்குத் தறிப்பட்டறையில வேலைக்குச் சொல்லியிருக்கறனுங்க" என்று அவ்வளவு பணிவாகச் சொன்னார். ஆத்தா ஒன்றும் பேசாமல் டம்ளரைத் திண்ணையின் ஓரத்தில் வைத்தார். கடைசியில் அன்று விசாரணை நடக்காமல் வாய்தா போட்டு எழுந்து வரும்போதும், ஆடை படிந்த காப்பி அப்படியே இருந்தது.

பேருந்து நிலையம் வரை அவரோடு நடந்தேன். "பாத்ததச் சொல்றதுக்கு எனக்கென்ன பயம் அம்மிணி? ஆனா அவிய கிணத்துத் தண்ணிதான் நம்ம காட்டுக்குப் பாயுது. நாளைக்கும் நான் அங்கதான குடியிருக்கோணும்?" என்றார். அதற்கு என்னிடம் வாய்வார்த்தையாகச் சொல்ல ஆறுதல் எதுவும் இல்லை. செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

மே 18, ஞாயிறு

கோகுல்ராஜ் கொலை வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னவற்றை இன்று மீண்டும் முழுமையாக மனத்தில் ஓட்டிப்பார்த்தேன். ஓமலூரைச் சேர்ந்த அந்தப் பொறியியல் பட்டதாரி, 2015 ஜூன் 23 அன்று தன்னோடு படித்த மாற்றுச் சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவருடைய உடல் கிடந்தது. தற்கொலை என்று முடிந்துபோவதற்கான எல்லா ஏற்பாடுகளும் அங்கே செய்யப்பட்டிருந்தன. அப்படி முடியாமல் போனதற்கு முதல் காரணம், உடலை வாங்க மறுத்து நின்ற அவருடைய தாயும் உறவினர்களுமே. வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று அரசுக் குடியிருப்பில் இறந்து கிடந்ததும், எங்கள் பகுதியில் எவரும் மறக்கக்கூடியதல்ல.

நாமக்கல்லில் விசாரணை தொடங்கியபின் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். வழக்கை மாற்ற வேண்டுமென்று தாய் உயர் நீதிமன்றம் போனார்; வழக்கு 2019-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. பவானியைச் சேர்ந்த ப. பா. மோகன் அரசு சிறப்பு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச் 5 அன்று பத்துப் பேர் குற்றவாளிகள் என்றும், ஐந்து பேர் விடுதலை என்றும் தீர்ப்பாகி, மூன்று நாள் கழித்து முதல் எதிரிக்குச் சாகும்வரை சிறை என மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இந்த வழக்கில் முதன்மைச் சாட்சியான அந்தப் பெண், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்கு மாறாக விசாரணையில் சாட்சி சொன்னார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம். எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் அவரை மீண்டும் வரவழைத்துக் கோயில் கேமரா காட்சியைப் போட்டுக்காட்டியபோதும், அதில் தெரிவது தான் இல்லை என்றே சொன்னார். அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கப்பட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைச் சுற்றி நின்ற ஊரையும் உறவையும் நாம் அறிவோம். ஆள் சொல்லாததைக் கேமரா சொல்லியது. ஆனால் கேமரா தானாகப் பேசிவிடாது. பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி அழிந்துபோவதற்குள் ஹார்ட் டிஸ்க்கைக் கைப்பற்ற வேண்டும். கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் மகஜரில் குறிக்க வேண்டும். முத்திரையிட்டு நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் கூடத்துக்குப் போக வேண்டும். மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் (பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போதைய புதிய சட்டத்தில் 63-ஆம் பிரிவு) இணைய வேண்டும். இதில் ஓர் இடத்தில் தவறினாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். கேமராக்கள் எங்கெங்கே இருந்தன என்று கண்ணால் பார்ப்பதற்காக அந்த இரு நீதிபதிகளும் 2023 ஜனவரியில் கோயிலுக்கே வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டாகிறது.

மே 24, சனி

கேமராவே இல்லாத வாச்சாத்தியை நினைத்துக்கொண்டேன். தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊரில் 1992 ஜூன் 20 அன்று புகுந்து வன்முறையும் பாலியல் வன்கொடுமையும் நிகழ்த்திய வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்களில் 269 பேர்மீது வழக்கு. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அத்தனை ஆண்டுகள் அந்தப் பழங்குடிப் பெண்கள் தங்கள் சொல்லை மாற்றவில்லை. அவர்களுக்குக் காவல் நின்றது எந்தத் திட்டமும் அல்ல, அவர்களுடைய ஊரும், கூடவே நின்ற இயக்கத் தோழர்களும்தான். இப்படி எல்லாருக்கும் வாய்க்காது. தனித்து வாழும் ஒரு மூதாட்டியிடம் அந்த உறுதியை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் ஆத்தாவுக்காக மனு கொடுத்துவிட்டோம். 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, எல்லா மாநிலங்களும் சட்டம்போலவே பின்பற்ற வேண்டும் என்று சொன்ன திட்டம் இது. மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்டக் காவல்துறைத் தலைவரும் அரசுத் தரப்பு வழக்கு நடத்துதலின் தலைவரும் கொண்ட குழு மனுவைப் பார்க்கும். உட்கோட்டக் காவல் அதிகாரி ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கை தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படியொரு திட்டத்தை வகுக்கச் சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த மனுவைப் பார்ப்பதே அபூர்வம். அடி விழுந்தால்தான் அச்சுறுத்தல் என்று பலரும் எண்ணுகிறார்கள். காப்பி டம்ளரும் தறிப்பட்டறை வேலையும் மனுவில் எழுதத் தக்கவையா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். கிணற்றுத் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன்.

ஜூன் 13, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. வாய்தா நாளில் வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடப் பெண் காவலர் ஒருவர். எதிரியும் சாட்சியும் எதிரெதிரே படாதபடி தனி இடம். வாரத்தில் சில இரவுகள் அந்தக் காட்டுப் பக்கம் ரோந்து. தண்ணீருக்கு எந்தக் குழுவாலும் உத்தரவு போட முடியாது. காயம்பட்டவரின் அண்ணன், தன் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துத் தருவதாக முன்வந்தார். வேண்டாமென்று நானே தடுத்துவிட்டேன், ஏனென்றால் சாட்சிக்கு நம் தரப்பு உதவி செய்தது என்று குறுக்கு விசாரணையில் கேள்வி வந்தால் அவருடைய உண்மையே கறைபட்டுவிடும்.

ஜூன் 23, திங்கள்

கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்குப் போன நாளிலிருந்து இன்றோடு பத்து ஆண்டுகள். இன்றுதான் ஆத்தாவின் சாட்சியமும் நடந்தது.

நீதிமன்ற ஊழியரின் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கூண்டேறியதும், யார், எங்கே, எந்தக் கையால் என்று தடுமாறாமல் சொன்னார். முதல் விசாரணை முடிந்தவுடன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், குறுக்கு விசாரணைக்கு வேறொரு நாள் வேண்டும் என்று கேட்டார். வழக்குகள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். 2015-இல் முடிவான வினோத்குமார் எதிர் பஞ்சாப் வழக்கில், முதல் விசாரணை 1999 செப்டம்பரிலும் குறுக்கு விசாரணை 2001 மே மாதத்திலும் நடக்க, அதற்குள் சாட்சி மாறிப்போனதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை அரசு வழக்கறிஞர் கையோடு வைத்திருந்தார். நீதிபதி வாய்தா மறுத்து, மதிய உணவுக்குப் பின் குறுக்கு விசாரணை என்று சொல்லிவிட்டார்.

கண் பார்வை, தூரம், ஆடுகளின் எண்ணிக்கை, காயம்பட்டவரோடு உறவு என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் கேட்டார்கள். "அவ்வளவு தூரத்தில் ஆள் அடையாளம் தெரியாது அல்லவா?" என்ற கேள்விக்கு, "அவன் பொறந்ததுலேருந்து பாக்கறனுங் சாமி, நடையிலயே தெரியும்" என்றார். அந்த விடை அப்படியே பதிவாகியிருக்கிறது.

அடுத்த வாய்தாவில் காயச் சான்றிதழ் கொடுத்த மருத்துவரையும், அதன்பின் புலன்விசாரணை அதிகாரியையும் விசாரிக்க வேண்டும். மண்வெட்டியைக் கைப்பற்றிய மகஜரில் ஒரு சாட்சியின் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லை. அதற்கு விளக்கம் கேட்டு நாளைக் காலையிலேயே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். ரோந்து மூன்று மாதத்துக்குத்தான். தீர்ப்பு வரும்வரை நீட்டிக்கச் சொல்லும் மனுவை இன்றிரவே எழுதத் தொடங்குகிறேன்.